இன்று, நாளை, நாளை மறுநாள்: போலந்து இளைஞர் அணியொன்றின் வரலாறு

இளைஞர் சங்கம் ஒன்றினை நடாத்துவார்க்கு அமைதியான காலத்தில் திட்டம் வகுத்தல் அரிய செயலன்று. ஆண்டின் தொடக்கத்தில் ஓரிடத்துக் கூடி, இன்ன திங்களில் இன்ன விழா, இன்ன நாளில் இன்னார் சொற்பொழிவு, செலவு இவ்வளவு என்று ஏட்டில் வரைந்து வைப்பர். ஆண்டு முடிவில் அவற்றுட் பாதி நடந்தேறினும் மனம் மகிழ்வர். ஆயின், நாட்டினுள்ளே போரோ, கொள்ளை நோயோ, பெருவெள்ளமோ புகுந்து, நாளைக்கு எவர் உயிரோடிருப்பர், கூடுதற்கு இடம் உண்டா, கூடினால் அதுவே குற்றமாகுமா என்பதும் தெரியாத நிலை வந்துழி, அவ்வேடு ஒன்றுக்கும் உதவுவதில்லை. அத்தகைய காலத்தில் பெரும்பாலான சங்கங்கள் கதவை யடைத்துக்கொண்டு பொறுத்திருக்கும். வேறு சில, பழைய நிரலையே விடாப்பிடியாகப் பற்றி நின்று ஆட்களை யிழக்கும். இவ்விரண்டும் அல்லாத மற்றொரு நெறியைக் கண்ட கூட்டம் ஒன்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போலந்து நாட்டில் இருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் இருபது வயதைத் தாண்டாதவர். சங்கப் பணியில் ஈடுபட்டிருக்கும் அன்பர்கள் அவர்தம் வரலாற்றை அறிதல் நலமென்று கருதி ஈண்டு எழுதுகின்றாம்.

போலந்து 1795-ஆம் ஆண்டு முதல் 1918-ஆம் ஆண்டுவரை தனியரசாக இருந்ததில்லை. ருஷ்யர், பிரஷ்யர், ஆஸ்திரியர் என்னும் மூவரும் அதனைப் பங்கிட்டு ஆண்டனர். ஆங்கில நாட்டில் தோன்றிய சாரணர் இயக்கம் 1910, 1911-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரியர் ஆட்சியிலிருந்த ல்வூவ் நகரின் வழியாக அங்கே புகுந்தது. பேடன் பவுல் எழுதிய சாரணர் நூலைப் போலிஷ் மொழிக்குக் கொணர்ந்தவர் ஆந்த்ரெய் மால்கோவ்ஸ்கி என்னும் மாணவர். பயிற்சிக்குக் காலந்தாழ்த்து வந்ததற்குத் தண்டனையாகவே அம்மொழிபெயர்ப்பு அவர் தலைமேற் சுமத்தப்பட்டது என்று அந்நாட்டார் சொல்லிக்கொள்வதுண்டு. தண்டனைகள் எல்லாம் இங்ஙனம் பயன்தருவனவாயின் நன்றே. 1918 நவம்பரில் பல பிரிவாயிருந்த சாரணர் குழுக்கள் ஒரே சங்கமாயின. ‘விழித்திரு’ என்பது அவர்தம் வாழ்த்துரை. 1939-ஆம் ஆண்டளவில் அச்சங்கத்தார் தொகை ஏறக்குறைய 2 இலட்சம் ஆயிற்று.

அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் ஜெர்மானியப் படை மேற்கிலிருந்தும், 17-ஆம் நாள் சோவியத் படை கிழக்கிலிருந்தும் போலந்தினுள் புகுந்தன. தலைநகராகிய வார்சா 28-ஆம் நாள் சரணடைந்தது. அதற்கு முந்திய நாள், குண்டுகளால் தகர்ந்துகிடந்த அந்நகரத்தே, சாரணர் தலைவர் சிலர் கூடினர். சங்கத்தைக் கலைத்துவிடுவதா, மறைவில் நடத்துவதா என்பதே வினா. மறைவில் நடத்துவதென்று முடிவு செய்தனர். தலைமை, ஃப்ளோரியன் மார்ச்சினியாக் என்னும் இளைஞரிடம் சென்றது. மறைவுச் சங்கத்திற்குச் ‘சாம்பல்நிற அணிகள்’ என்று பெயர் வழங்கலாயிற்று. உட்பிரிவுகட்குத் தேனீக்களின் உலகிலிருந்து பெயரிட்டனர்: தலைமையகம் ‘தேனீப் பண்ணை’, மாகாணப் பிரிவு ‘தேன்கூடு’, அதற்குட்பட்டது ‘திரள்’, பின்னர்க் ‘குடும்பம்’, கடைசியிலுள்ள சிறு குழு ‘தேனீ’. பெண் சாரணர் தமக்கெனத் தனியமைப்பு வைத்துக்கொண்டு, ஒருவகைச் செடியின் பெயரைத் தமக்கு மறைபெயராக்கினர்.

அவர்கள் எதிர்ப்பட்ட நிலையை ஈண்டு ஒருவாறு விளக்கல் வேண்டும். ஜெர்மானியர் வசப்பட்ட நடுப்பகுதியில் போலந்துச் சிறுவர்க்குத் தொடக்கப் பள்ளியும் தொழிற் பள்ளியுமே விடப்பட்டன. உயர்நிலைப் பள்ளிகளும் பல்கலைக் கழகங்களும் மூடப்பட்டன. ஓர் இனத்தை எழுதப் படிக்கத் தெரிந்த கூலிகளாக மட்டும் வைத்திருத்தல் ஆள்வோர் கருத்து. தெருவிற் செல்வோரை வளைத்துப் பிடித்துச் சிறைக்கோ, கட்டாய வேலைக்கோ அனுப்புதல் அன்றாட நிகழ்ச்சியாயிற்று. இத்தகைய நாட்டில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சங்கம் என்ன சொல்லக்கூடும்? பொறுத்திரு என்றால் அவன் கேளான். போரிடு என்றால் இறந்தொழிவான்.

தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கைக்கொண்டது சிறு எதிர்ப்பு வேலை. அதனை வகுத்து நடத்தியவர் அலெக்ஸாந்தர் காமின்ஸ்கி என்னும் ஆசிரியர். சுவர்களில் எழுதுதல், ஜெர்மானியக் கொடிகளைக் கழற்றுதல், ஆள்வோரின் படக்காட்சிச் சாலைகளில் நாற்றப் புகை விட்டு மக்களை வெளியேற்றுதல் முதலியன அவ்வேலைகள். 1942 பிப்ரவரியில் மாசீ அலெக்ஸி தவிதோவ்ஸ்கி என்னும் இளைஞர், கொப்பர்நிக்கஸ் சிலையின்மேல் ஜெர்மானியர் பொருத்தியிருந்த, அவ்வறிஞரைத் தம் இனத்தவராகக் காட்டும் பலகையைக் கழற்றி யெடுத்துச் சென்றார். ஆள்வோர் சினந்து, போலந்து வீரராகிய கிலின்ஸ்கியின் சிலையைப் பெயர்த்து அரும்பொருட் காட்சிச் சாலையில் ஒளித்து வைத்தனர். சில நாளில் அச்சாலையின் சுவரில், கிலின்ஸ்கி தாம் அங்கே யிருப்பதை நகர மக்களுக்கு அறிவிப்பதுபோன்ற எழுத்துக்கள் காணப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சு முதல் தெருவெங்கும் வரையப்பட்ட நங்கூரக் குறியும் ஒரு சாரணப் பெண்ணின் படைப்பே. ஆனா ஸ்மோலென்ஸ்கா என்னும் அம்மாணவி 1943-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர் நீத்தார்.

இச்செயல்கள் கேட்பதற்கு இனியன. தலைவர்களோ இவற்றில் மறைந்திருந்த இடரொன்றைக் கண்டனர். பகையை வெறுத்தல் ஒன்றையே கற்ற இளைஞன், பகை நீங்கிய பின்னர் எதற்கும் உதவான். வெறுத்தற்கு வேறோர் ஆளைத் தேடுவான். மேலும், பன்னிரண்டு வயதானும் இருபது வயதானும் ஒரே வேலைக்கு ஏவப்படின், இருவருட் சிறியவனே முன்னே யழிவான். இவ்வெண்ணத்தினின்று எழுந்ததே அவர்களுடைய மூன்று நாள் திட்டம். ‘இன்று’ என்பது மறைவு வாழ்க்கை. எதிர்ப்பும் பயிற்சியும் அதன் பணி. ‘நாளை’ என்பது வெளிப்படையான கிளர்ச்சி. ‘நாளை மறுநாள்’ என்பது விடுதலை பெற்ற நாட்டைக் கட்டுதல்.

இதில் யாதொரு தேதியும் குறிக்கப்படாமை உற்று நோக்கற்பாலது. நாளை என்பது ஆறு திங்களில் வரினும் வரலாம், ஆறாண்டில் வரினும் வரலாம். அன்றியும், இம்மூன்று நாளும் ஒன்று கழிந்தபின் மற்றொன்றாக வருவன என்று அவர்கள் கொள்ளவில்லை. மூன்றாம் நாளின் வேலை முதல் நாளிலேயே தொடங்கற்குரியது என்பதே திட்டத்தின் உயிர். ஆதலின், இரவிற் சுவரில் எழுதி வந்த பையன் மறுநாட் காலை யாரேனும் ஒருவர் வீட்டில் ஐந்தாறு பேருடன் மறைவாகக் கூடிக் கணக்கும் வரலாறும் படித்தல் வேண்டும். மூத்தோர், 1942-இல் தொழிற்பள்ளி என்னும் பெயரால் திறக்க விடப்பட்ட நிலையத்தில், அப்பெயரின் மறைவிலே நடந்த பொறியியற் கல்லூரிப் பாடங்களைக் கற்றனர். பாலம் தகர்க்கப் பழகும் ஒருவன் பாலம் கட்டவும் அங்கே கற்றான் என்பது மிகையன்று.

1942-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சங்கம் வயதுபற்றி மூன்றாக வகுக்கப்பட்டது. பதினெட்டு வயதிற்கு மேற்பட்டோர் தாக்குதற் குழுவினர். அவர்களே ஆயுதம் ஏந்துதற்குரியர். பதினைந்து முதல் பதினேழு வரையினர்க்குச் சிறு எதிர்ப்பு வேலையும் ஒற்றறிதலும். பன்னிரண்டு முதல் பதினான்கு வரையினர் ‘ஸவிஷா’ எனப்பட்டனர். சொல் தவறாமைக்குப் பெயர்பெற்ற பழைய வீரன் ஒருவன் பெயர் அது. இச்சிறுவர் படிப்பிலும், முதலுதவி, செய்தி கொண்டுசெல்லல் முதலிய துணைப் பணிகளுக்கான பயிற்சியிலும் நிறுத்தப்பட்டனர். அந்நாளைய எதிர்ப்பு வேலையில் அவர்கட்கு இடமில்லை. மூன்றாம் நாளுக்குரிய விதைநெல்லாக அவர்களை வைத்தனர் எனலாம். பக்குவம் நோக்கிப் பணி வகுத்தலின் பொருத்தத்தை இவ்விதழைப் படிப்பார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அச்சிறுவர்க்கு அது கசப்பாகவே யிருந்தது. அண்ணன்மார் செய்வதைத் தாமும் செய்ய எவர்தான் விரும்பார்?

திட்டம் நன்று, காலம் அதனை நன்கு நடக்கவிடவில்லை. 1943 மார்ச்சில் யான் பிட்னார் என்னும் தாக்குதற் குழுத் தலைவர் பிடிபட்டுக் கொடிய வதைக்குள்ளானார். அவரைச் சிறைவண்டியிற் கொண்டுசெல்லுங்கால், 26-ஆம் நாள், நகரின் பழைய படைக்கலச் சாலையருகே தோழர்கள் மறித்து மீட்டனர். அவரோடு இருபதுக்கு மேற்பட்ட கைதிகளும் விடுதலை யடைந்தனர். ஆயினும் நான்கு நாளில் பிட்னார் வதையின் புண்ணால் இறந்தார். பலகை கழற்றிய தவிதோவ்ஸ்கியும் அம்மீட்பிற் காயமுற்று அதே நாளில் இறந்தார். மீட்பில் முன்னின்ற ததேயுஷ் ஸவாத்ஸ்கி அவ்வாண்டு ஆகஸ்டில் மற்றொரு தாக்குதலில் மாண்டார். மே மாதத்தில் மார்ச்சினியாக் சிறைப்பட்டு, பின்னர்க் கொல்லப்பட்டார். தலைமை ஸ்தானிஸ்வாவ் ப்ரோனியெவ்ஸ்கி என்பவரிடம் சென்றது, வேலை நிற்கவில்லை. தலைவன் வீழ்ந்த அன்றே மற்றொருவன் அவ்விடத்தில் நிற்குமாறு அமைந்த சங்கங்கள் எந்நாட்டிலும் சிலவே. எனினும் ஒன்று சொல்லாமலிருத்தல் இயலாது. நாளை மறுநாளுக்கென்று அரிதிற் பயிற்றப்பட்டவரே இன்றைய வேலையிற் செலவழிந்தனர். ஒரு தோழனை மீட்கச் சென்றதைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை, நட்பு அது. திட்டத்தின் கணக்கு அதனால் நைந்ததென்பதும் உண்மை.

1944 ஆகஸ்டு 1-ஆம் நாள் மாலை ‘நாளை’ வந்தது. வார்சாக் கிளர்ச்சி சில நாளில் முடியுமென்று எதிர்பார்க்கப்பட்டது. அறுபத்து மூன்று நாள் நீண்டது. நகரம் துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒரு தெருவிலுள்ள தாய்க்கு அடுத்த தெருவிலுள்ள மகன் நிலை தெரியவில்லை. சில நாட்களுள் சாரணச் சிறுவர் அஞ்சற் சேவை ஒன்றைத் தொடங்கினர். ஒரு கடிதத்திற்கு இருபத்தைந்து சொற்களே அளவு. கூலி யில்லை, விரும்பியோர் காயமுற்றோர்க்குப் புத்தகமோ, கட்டுத்துணியோ, உணவோ கொடுக்கலாம். நாடோறும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் இடிபாடுகளினூடும், நிலவறைகளினூடும், சாக்கடைக் குழாய்களினூடும் சென்றன. இப்பணி திட்டத்தில் எழுதப்பட்டிருந்ததன்று. ஆயினும் அதற்கான பயிற்சி இருந்தது. நகரின் சந்துபொந்துகளை அறிந்தவரும், சொன்னதை மறவாதவரும், கடிதத்தைத் திறந்து பாராதவருமாகிய சிறுவர் ஆயத்தமாக இருந்தமையால் அது முடிந்தது. அவருட் பலர் துப்பாக்கிக்கு இரையாயினர். போரினின்று விலக்கி வைத்தோம் என்பது, போர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டபோது எவ்வளவு சிறிய காவல் என்பதை அப்பிணங்கள் காட்டின. அக்கிளர்ச்சி வேண்டுவதொன்றா என்னும் வழக்கு அந்நாட்டில் முடிந்தபாடில்லை. இடப்பட்ட சாரணர் பணத்தால், தலைக்கு மீறிய இரும்புத் தொப்பி யணிந்த சிறுவன் ஒருவன் சிலை 1983-இல் வார்சாவின் பழைய மதிலருகே எடுக்கப்பட்டது.

அக்டோபர் 2-ஆம் நாள் கிளர்ச்சி அடங்கியது. ப்ரோனியெவ்ஸ்கி போர்க்கைதியாகச் சென்றார். புதிய தலைவர் லெயோன் மார்ஷாவெக் 1945 சனவரியில் அணிகளைக் கலைத்தார். ‘நாளை மறுநாள்’ விடிந்தது. அவர்கள் நினைத்த வடிவில் அன்று. நாடு சோவியத்தின் கைக்குட்பட்ட ஆட்சிக்கு வந்தது. உயிர் பிழைத்தோர் பல்கலைக் கழகங்களிற் சேர்ந்து, பாழான நகரைக் கட்டும் வேலையில் இறங்கினர். அவருள் ஒருவராகிய யான் ரோதோவிச் கட்டடக்கலை பயின்றுகொண்டே இறந்த தோழர்களின் நினைவேடுகளைத் தொகுத்து வந்தார். 1948 டிசம்பரில் அவர் சிறைப்பட்டார். 1949 சனவரி 7-ஆம் நாள் காவலிலேயே மாண்டார். அவரையொத்தார் பலர் சிறை சென்றனர். சாரணர் சங்கமும் அக்காலத்தே ஆளுங்கட்சியின் இளைஞர் கூட்டத்தினுள் கரைக்கப்பட்டது.

காமின்ஸ்கியும் சாரணர் பணியினின்று நீக்கப்பட்டார். லோட்ஸ் நகரில் ஆராய்ச்சியும் ஆசிரியத் தொழிலும் செய்துகொண்டு, அயலார் ஒருவர்க்கொருவர் உதவும் சிறு கூட்டங்களும் சிறுவர் கழகங்களும் எங்ஙனம் இயங்குகின்றன என்பதை ஆய்ந்து வந்தார். 1956-இல் அரசியற் காற்றுச் சற்றே மாறியபொழுது, மீண்டெழுந்த சாரணர் சங்கத்தின் தலைமை மன்றத்திற்கு அவரை அழைத்தனர். 1958-இல் தாமே விலகினார். 1978-இல் அவர் காலமானார். பிட்னார், தவிதோவ்ஸ்கி, ஸவாத்ஸ்கி மூவரையும் பற்றி 1943-இல் அவர் மறைவாக அச்சிட்ட சிறு நூல், பிற்காலத்தில் போலந்துப் பள்ளிகளிற் பாடமாயிற்று.