பொன்னேரியும் மேட்டூரும்

கங்கைகொண்ட சோழபுரம் செல்வோர் பெரும்பாலும் கோயிலோடு திரும்பிவிடுகின்றனர். ஜெயங்கொண்டத்தார் பொன்னேரி என்றழைக்கும் சோழகங்கத்தின் கரைவரை செல்வோர் மிகச் சிலரே. முதலாம் இராசேந்திரன் தன் கங்கை வெற்றியின் நினைவாக அமைத்த இவ்வேரியை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. மண் சுமந்தவர்களைப் பற்றி அச்செய்யுளில் ஏதுமில்லை.

1836இல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது இக்கோயிலின் சுற்றுமதிற் கற்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். சோழன் எழுப்பிய மதில் அணைக்கட்டாயிற்று! இதற்காக வருந்துவதா, கல் நீருக்கே பயன்பட்டது என்று தேறுவதா என்பதில் நம்மிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

அந்தக் கீழணைக்கு வரும் காவிரி நீரின் பெரும்பகுதி மேட்டூரைக் கடந்தே வருகின்றது. 1924ஆம் ஆண்டு மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை, 1934இல் திறக்கப்பெற்றது. இரு மலைகளுக்கிடையே ஆற்றை மறித்து, 120 அடி உயரத்திற்கு, 93.47 டி.எம்.சி. நீர் தேக்கும் அணை அது. தேக்கத்திற்கு வைத்த பெயர் ஆளுநர் ஸ்டான்லியுடையது.

மின்சாரம் பின்னர் வந்தது. 1932இல் இயங்கத் தொடங்கிய நீலகிரிப் பைக்காராவில், 3000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்வழி வீழும் நீர் சுழலிகளை ஓட்டுகின்றது. மலையே அங்கு மூலதனம். மேட்டூரிலோ பாசனமே முதல் நோக்கம். மின்னாக்கம் 1937இல் அதனோடு இணைந்தது. வயலுக்கென்று திறக்கப்படும் நீர் வழியிலேயே சுழலியைச் சுழற்றிவிட்டுச் செல்கின்றது. மின்சாரத்திற்காக நீர் செலவாவதில்லை. ஆயினும் அணையின் மட்டம் தாழத் தாழ மின்னாற்றலும் குன்றும். பாசனத்திற்கு நீர் விடாத மாதங்களில் உற்பத்தியும் பெரிதும் படுத்துவிடும்.

நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழங்கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளிப்படுகின்றன. நாளிதழ்கள் தவறாமல் படம் வெளியிடுகின்றன. அங்கே வாழ்ந்து பெயர்ந்தோரின் கதையைத்தான் எவரும் கேட்பதில்லை.

ஜெயங்கொண்டத்தார்க்கு இது அயலார் கதையன்று. 1990களில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்கென இப்பகுதி ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. இழப்பீட்டிற்காக உழவர்கள் நீதிமன்றப் படியேறியே ஆண்டுகள் பல கழிந்தன. இறுதியில் அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர முடிவு செய்தது. நிலம் கொடுத்த கைகளில் பல அதற்குள் மண்ணோடு மண்ணாகியிருந்தன.