கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குடவோலை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றைக்கும் பார்க்கலாம். பரீட்சைக்கு இவ்வளவு போதும். நமக்குப் போதாது.

அந்தச் சுவரில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவென்றே 6 பேர். இரண்டாவது, ஒரு விதி. ஏற்கெனவே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடம் கிடையாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே கதவு திறந்த சபைதான் அது. ஆனால், கணக்கு விஷயத்தில் படு கறார்.

இதற்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பள்ளம் பார்த்து ஓடும். ஒரு யூனிட் மின்சாரம் வேண்டாம். ஏரி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு வயலுக்கு மின்கம்பி வந்தது, பம்புசெட் வந்தது. ஏற்றம் இறைத்துக் கை காய்த்துப்போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

இலவச மின்சாரமும் யாரோ சும்மா தூக்கிக் கொடுத்ததல்ல. 1970-களில் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்குக் கட்டணத்தை ரத்து செய்தது. 1990-ல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் கொடுத்தது.

கொடுத்ததில் தப்பில்லை. அளக்காமல் விட்டதுதான் தப்பு.

இப்போது டெல்லிக்குப் போவோம். 2006-ல் திட்டக் கமிஷனுக்காக கிரித் பாரிக் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. ஒருங்கிணைந்த எரிசக்திக் கொள்கை என்று பெயர். 2008 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது. பொருளாதாரம் ஆண்டுக்கு 8 சதவிகிதம் வளர வேண்டுமென்றால், சுமார் 1.6 லட்சம் மெகாவாட்டாக இருந்த மின் உற்பத்தித் திறன் 2031-32-க்குள் 8 லட்சத்தை நெருங்க வேண்டும் என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். உபயோகிப்பவர் மிச்சம் பிடிக்கும் ஒரு யூனிட், உற்பத்தியாகும் ஒரு யூனிட்டைவிட மதிப்பு கூடியது. வழியில் கம்பியில் வீணாவதும் சேர்ந்து மிச்சமாகிறது அல்லவா?

சரி, மார்க் போடலாமா?

உற்பத்தியில் மோசமில்லை. 2025 செப்டம்பரில் நாட்டின் மொத்தத் திறன் 5 லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சேமிப்பில்? எங்கெல்லாம் அளந்தார்களோ அங்கெல்லாம் பாஸ். 2006-ல் ஃப்ரிஜ்ஜிலும் ஏ.சி.யிலும் நட்சத்திர முத்திரை வந்தது. 2015-க்குப் பிறகு கோடிக்கணக்கில் எல்.இ.டி. பல்புகள் மலிவு விலையில் போய்ச் சேர்ந்தன. பல்பை மாற்றினால் அடுத்த பில்லில் தெரியும்.

பம்புசெட்டில்தான் கோட்டை விட்டோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. மீட்டர் இல்லாத இணைப்பே கூடாது என்று 2003 மின்சாரச் சட்டம் சொல்லி, 2 ஆண்டு கெடுவும் கொடுத்தது. நடக்கவில்லை. ஆகவே, விவசாயத்துக்குப் போகும் மின்சாரம் என்பது பெருமளவு ஒரு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின் நிழலில் கம்பி இழப்பும் திருட்டும் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம். பழி மட்டும் விவசாயி தலையில்.

மீட்டர் என்றால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு மீட்டர், நாளைக்கு பில் என்றுதானே தோன்றும்? அளப்பது வேறு, காசு கேட்பது வேறு என்று அரசு எழுதிக் கொடுத்தால்தான் அந்த பயம் போகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 50 அடியிலிருந்து ஏற்றும் தண்ணீரை 100 அடியிலிருந்து ஏற்றினால், மின்சாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏரி தூர்ந்தால் கிணறு இறங்கும். கிணறு இறங்கினால் கரண்ட் ஏறும். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த சோலார் பம்பு திட்டம் நல்லதுதான். ஆனால், சூரியனும் பில் அனுப்புவதில்லை. நிலத்தடி நீர் எவ்வளவு போகிறது என்று அதுவும் சொல்லாது.

அப்படியானால், ஏரியைத் தூர் வாருவதும் ஒரு மின்சாரத் திட்டம்தான். டெல்லியின் எரிசக்திக் கணக்கில் உத்திரமேரூர் ஏரிக்கு ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், குடவோலையோடு திரும்பிவிடாதீர்கள். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்ற அந்த வரியைத் தேடிப் பாருங்கள். 1,100 வருடம் ஆகியும் அழியவில்லை. நாம்தான் படிக்கவில்லை.