பேட்ச்சும் ஈடும்

“அவர் எங்க காலேஜ்ல 95 பேட்ச்” என்கிறோம். ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு ஒரு பேட்ச் உண்டு. டியூஷனில் காலை பேட்ச், மாலை பேட்ச் உண்டு. இந்தச் சொல் பிறந்தது ரொட்டி அடுப்பில்.

ஆங்கிலத்தில் ‘பேக்’ என்றால் அடுப்பின் சூட்டில் வேகவைப்பது. அந்த வினையிலிருந்து வந்த பெயர் ‘பேட்ச்’: ஒரே தடவையில் சுட்டெடுத்த ரொட்டி. 15ஆம் நூற்றாண்டிலிருந்து இது எழுத்தில் கிடைக்கிறது. ‘ஸ்பீக்’ என்ற வினை ‘ஸ்பீச்’ என்ற பெயரானபோதும் இப்படித்தான் ககரம் சகரமாயிற்று.

அந்தக் கால அடுப்பு செங்கல்லால் கட்டிய குகை. உள்ளேயே விறகை எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளுவார்கள். ஈரத்துணியால் தரையைத் துடைத்து, நீண்ட மரத் துடுப்பால் மாவுருண்டைகளை உள்ளே வைத்து வாயை அடைப்பார்கள். கல்லில் தேங்கிய சூடுதான் ரொட்டியைச் சுடும். சூடு இறங்கிவிட்டால் மறுபடி விறகு வைக்க வேண்டும். ஆகவே ஒரு பேட்ச் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

அயர்லாந்தில் ‘பேட்ச்’ ரொட்டி இன்றும் விற்கிறது. நெருக்கி அடுக்கிச் சுடுவதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேல்நோக்கி எழும்பும். பிய்த்துப் பிரித்தால் மேலே கறுத்த மொறுமொறுப்பு, பக்கங்களில் வெறும் பஞ்சு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒற்றை பன்னுக்கே பேட்ச் என்றுதான் பெயர்.

பிரெஞ்சுக்காரர்கள் வினையை விட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ‘ஃபூர்’ அடுப்பு, ‘ஃபூர்னே’ ஓர் அடுப்பு ரொட்டி. புரட்சிக் காலத்தில் கில்லட்டினுக்குக் கும்பலாக அனுப்பப்பட்டவர்களையும் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள்.

தமிழ்ச் சமையலறையில் இதற்குச் சொல் இல்லாமலில்லை. “முதல் ஈடு இறக்கியாச்சு, உட்காருங்க” என்று இட்லிக் கொப்பரைப் பக்கத்திலிருந்து குரல் வரும். முறுக்குச் சுடும்போதும் ஈட்டுக் கணக்குத்தான். இடு என்ற வினை நீண்டு ஈடு ஆனது. சுடு, சூடு ஆனதுபோல. ஆங்கிலம் சுடுவதை வைத்துப் பெயரிட்டது, தமிழ் அடுப்பில் இடுவதை வைத்து.

பேட்ச் அடுப்பைவிட்டு எங்கெங்கோ போய்விட்டது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி இந்தியாவில் விற்கும் மாத்திரை அட்டையில் பேட்ச் எண் இருக்க வேண்டும். ஒரு மாத்திரையில் கோளாறு தெரிந்தால், அதோடு சேர்ந்து உருவானவை அனைத்தையும் திரும்பப் பெற அந்த எண்தான் வழி. ஈடோ அடமானம், நஷ்டஈடு, ஈடு இணை என்று வேறு வேலைகளில் மாட்டிக்கொண்டதால், இந்தப் பொருளில் அடுக்களையைத் தாண்டவில்லை.

பேட்ச்சைத் தமிழில் ‘தொகுதி’ என்று எழுதுகிறோம். தொகுதி எப்படியும் சேரலாம். பேட்ச் ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் உருவாக வேண்டும். அந்த நிபந்தனையைச் சொல்லாமலே சொல்லும் சொல் ஈடு.