பார்த்தீனியம் நச்சுக்களை: பூக்கும் முன் அகற்றுவதே தீர்வு

பருவமழை தொடங்கியதும் சாலையோரங்களிலும் ரயில் பாதைகளிலும் தரிசு நிலங்களிலும் அடர்ந்து முளைக்கும் பார்த்தீனியம், நாட்டில் மிக அதிகமாகப் பரவியுள்ள அயல் களைகளில் ஒன்றாகும். இதை அகற்றுவதில் முறையைக் காட்டிலும் காலமே முக்கியமானது.

பரவியது எப்படி?

மெக்சிகோ உள்ளிட்ட வெப்பமண்டல அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950-களின் நடுவில் மகாராஷ்டிர மாநிலம் புணேயில் கவனத்துக்கு வந்தது. இறக்குமதி செய்யப்பட்ட கோதுமையுடன் இதன் விதைகள் வந்ததாகப் பரவலாகக் கூறப்படுகிறது. வட மாநிலங்களில் 'காஜர் காஸ்', அதாவது கேரட் புல் என்றும், 'காங்கிரஸ் புல்' என்றும் இது அழைக்கப்படுகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

இளஞ்செடியின் இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். அவை கேரட் இலையைப் போல ஆழமாகப் பிளவுபட்டவை. பின்னர் வரிகளும் மெல்லிய ரோமங்களும் கொண்ட தண்டு எழுந்து, பல கிளைகளாகப் பிரிந்து ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். கிளை நுனிகளில் ஐந்து முனைகளுடன் சிறிய வெண்ணிறப் பூக்கள் கொத்துக்கொத்தாகக் காணப்படும்.

பாதிப்புகள் என்ன?

செடியில் உள்ள 'பார்த்தெனின்' என்ற வேதிப்பொருள் தோல் அழற்சியை ஏற்படுத்தும். மகரந்தத்தால் தும்மல், ஆஸ்துமா போன்ற ஒவ்வாமைகள் உண்டாகலாம். இதை மேயும் கால்நடைகளின் பால் கசக்கும். பயிர் விளைச்சலும் குறையும்.

அகற்றுவது எப்படி?

முளைத்த ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் செடி பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடியிலிருந்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் உருவாகலாம். அவை காற்று, நீர், வாகனச் சக்கரங்கள் மூலம் பரவுகின்றன. பூத்துக் காய்த்த செடியைப் பிடுங்கினால் விதைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

எனவே, மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை அணிவது அவசியம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் இப்பணியைத் தவிர்க்க வேண்டும். பூக்காத செடிகளைச் சாணம், மண்ணுடன் குழியில் அடுக்கி மக்கவைத்து உரமாக்கலாம்.

இலைகளைத் தின்று அழிக்கும் மெக்சிகோ வண்டுகள் 1980-களில் பெங்களூருவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் பல மாநிலங்களில் விடப்பட்டன. மழைக்காலத்தில் மட்டுமே இவை சுறுசுறுப்பாக இயங்கும். களைக்கொல்லிகளை வேளாண் அலுவலரின் பரிந்துரைப்படியே பயன்படுத்த வேண்டும்.

மண்ணில் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் முளைப்புத்திறனுடன் இருக்கும். ஆகையால், ஒருமுறை அகற்றிய இடத்தையும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மீண்டும் கண்காணிப்பது அவசியம். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரத்தை நடத்தி வருகிறது.