ஸ்ரீவிஜயம்: ஆளா, ஊரா?

ஸ்ரீவிஜயன் என்று ஓர் அரசன் இருந்ததாக 1913-இல் எழுதினார்கள். அப்படி ஓர் அரசனே கிடையாது.

இந்தோனேசியாவின் பங்கா தீவில் கோட்டா கபூர் என்ற இடத்தில் 1892-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. மொழி பழைய மலாய், காலம் கி.பி. 686. ஸ்ரீவிஜயத்துக்கு அடங்காதவர்களை அது சபிக்கிறது. டச்சு அறிஞர் கெர்ன் அதை அரசன் பெயர் என்று எடுத்துக்கொண்டார். 'ஸ்ரீ' மரியாதைச் சொல்தானே! (ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீரங்கம் என்று ஊருக்கே 'ஸ்ரீ' போடும் நமக்கு இதில் சந்தேகம் வந்திருக்கும்.)

1918-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் அது நாட்டின் பெயர் என்று காட்டினார். கைகொடுத்தவை சோழர் ஆவணங்கள். ராஜராஜன் காலத்து ஆனைமங்கலச் செப்பேடு, நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தோடு தொடர்புடைய மாறவிஜயோத்துங்கவர்மனை ஸ்ரீவிஷயத்தின் தலைவன் என்கிறது. ராஜேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டோ 1025 படையெடுப்பில் வென்ற இடங்களில் ஒன்றாக ஸ்ரீவிஜயத்தைச் சொல்கிறது. அரசன் பெயர் அதில் தனியாகவே வருகிறது: சங்கிராம விஜயோத்துங்கவர்மன். சீனத் துறவி இ-சிங் 671-இல் கப்பலேறிப் போன 'ஷி-லி-ஃபோ-ஷி'யும் இந்த நாடுதான். பல நூற்றாண்டுகள் கடல் வணிகத்தை ஆண்ட ஒரு பேரரசு, இப்படித்தான் சரித்திரப் புத்தகத்துக்குள் வந்தது.

அதே தஞ்சைப் பட்டியலில் இன்னும் பொறிகள் உண்டு. 'மலையூர்' என்றதும் தமிழ் மலைகிராமம் என்று நினைத்துவிடக் கூடாது, அது சுமத்ராவின் மலாயு. மாநக்கவாரம் நிக்கோபார். கடாரம் பெரிய பாத்திரமல்ல, இன்றைய மலேசியாவின் கெடா. மாப்பப்பாளம் எங்கே என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.