ஹானஸ்ட், சின்சியர்

கடையநல்லூரிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்கப் போவது இன்று நேற்று வந்ததல்ல. சிங்கப்பூருக்குப் போன நம் ஊர்க்காரர்கள் 1941இலேயே ஊர்ப் பெயரில் சங்கம் கண்டு, 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் தொடங்கியவர்கள். இப்போது பையன்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். போன மாதம் வந்தவன் ஒரு துணிக்கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தவன். "சார், 'சின்சியர்'னு மறக்காமப் போட்டுருங்க" என்றான்.

எழுத முடியவில்லை. கல்லாவில் இருந்தவனுக்கு வேண்டியது அந்தச் சொல்லா?

நம் பேச்சில் 'சின்சியரா படிக்கான்' என்றால் கண்ணும் கருத்துமாகப் படிக்கிறான் என்று பொருள். ஆங்கிலேயர் காதில் அப்படி விழாது. வாயில் வருவதும் மனத்தில் இருப்பதும் ஒன்று என்பதே அவர்களுக்குச் சின்சியர். நன்றியும் மன்னிப்பும் சின்சியராக இருக்கும், சோம்பேறியும் இருக்கலாம். கலப்படமில்லாதது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 'மெழுகு பூசாத சிலை' என்று சொல்லும் கதையை அகராதிக்காரர்கள் ஏற்பதில்லை. ஹானஸ்ட் வேறு. மதிப்பு, மானம் என்ற பொருளுள்ள வேரில் பிறந்து, கணக்கிலும் எடையிலும் பதிலிலும் பிறரை ஏமாற்றாதவனைக் குறிக்க வந்த சொல்.

எனக்கு இந்த வேறுபாடு விளங்குவது தறியடியில்தான். முதலாளி நூலை நிறுத்துக் கொடுப்பார், நெய்த துணியை நிறுத்து வாங்குவார். மிச்ச நூலைத் திருப்பித் தருகிறவர் ஹானஸ்ட். நூலை ஒதுக்கிக்கொண்டு, கஞ்சியைக் கூட்டி எடையைச் சரிக்கட்டுகிறவர் ஹானஸ்ட் இல்லை. ஆனால் முதலாளி வீட்டுத் துக்கத்தில் அவர் விடும் கண்ணீர் சின்சியராக இருக்கலாம். கடைசி இழை வரை கணக்கு ஒப்பிக்கும் இன்னொருவர், பிடிக்காத சாயத்தை "பிரமாதம்" என்று புகழலாம். அவரிடம் கணக்கு சுத்தம், பாராட்டு மட்டும் பொய்.

கருத்துச் சொல்லும் இடத்தில் மட்டும் இரண்டும் நெருங்கி வரும். அங்கே எதைப் போட்டாலும் பெரிய பழுதில்லை.

தமிழில் உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்ம்மை என்று ஆசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். சின்சியர் அதில் முதலாவதோடு நிற்கிறது; ஹானஸ்ட் மற்ற இரண்டிலும் கால் வைக்கிறது. வள்ளுவருடைய வாய்மை இரண்டுக்குள்ளும் அடங்காது. யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்றவர் அவர். சாயர்புரத்தில் பணிசெய்த ஜி.யு.போப், 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பில் வாய்மை அதிகாரத்துக்கு 'வெராசிட்டி' என்று தலைப்பிட்டார். உண்மை பேசுதல் என்ற அளவில் அது சரி. தீங்கு செய்யாமை அதில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் மேல் எனக்குக் குறையில்லை. அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை.

பையனின் கடிதத்தில் பணத்தைப் பற்றிய வரியில் 'ஹானஸ்ட்' என்றும், உழைப்பைப் பற்றிய வரியில் 'ஹார்ட்வொர்க்கிங்' என்றும் எழுதினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"சின்சியர் இல்லையே சார்?"

கடிதம் அவன் வேலை கேட்கும் இடத்து மேலாளரைப் பெயர் சொல்லி விளித்து எழுதியது. அதனால் என் கையெழுத்துக்கு மேலே 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடித்திருந்தேன். அதைத் தொட்டுக் காட்டினேன். "இருக்கு. அது நான் உன்னைப் பத்திச் சொல்றதுக்கு."