பயிற்சிக்கு வெளியே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்: பரிஸ் ஆய்வுப் பயிலரங்குகளும் லா சப்பல் தமிழரும்

பரிஸ் மெத்ரோவின் 12ஆம் தடத்தில் மார்க்ஸ் தோர்முவாவில் ஏறுபவருக்கு ஃப்ரோன் போப்புலேர் இரண்டாவது நிறுத்தம். ஏறும் இடம் லா சப்பல் வட்டாரம். பஜோல் வீதியில் மாணிக்க விநாயகர் ஆலயம், சற்றுத் தெற்கே ஃபோபூர் சன் தெனி வீதியில் தமிழ்க் கடைகள். இறங்கும் இடத்தில் 2019இல் திறக்கப்பட்ட கொந்தோர்சே வளாகம் இருக்கிறது. சமூக அறிவியல் உயராய்வு நிறுவனமும் தேசிய மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் அங்கேதான் இயங்குகின்றன. புலம்பெயர்ந்தோரின் உடல்நலத்தை ஆராய்வோருக்கான கருத்தரங்குகளுக்கும் பயிலரங்குகளுக்கும் பரிஸில் பஞ்சமில்லை. ஆனால் அவை பயிற்றுவிப்பது தனி ஆய்வாளரை. தமிழரிடையே நடக்கும் நேர்காணலிலோ பெரும்பாலும் மூவர் உட்கார்ந்திருக்கிறார்கள்: கேட்பவர், சொல்பவர், இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர். அந்த மூன்றாமவரையும் சேர்த்துப் பயிற்றுவிக்காத வரை, ஆய்வறம் பற்றிய பாடம் பாதிப் பாடமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்கலாம். 2016 மே 25ஆம் திகதிய அமைச்சு ஆணை, ஒவ்வொரு முனைவர்பட்ட மாணவரும் ஆய்வறத்திலும் அறிவியல் நேர்மையிலும் பயிற்சி பெறுவதை உறுதிசெய்யும் பொறுப்பை முனைவர்பட்டப் பள்ளிகளிடம் ஒப்படைத்தது. 2023 முதல் பட்டம் பெறுபவர் நேர்மை உறுதிமொழியும் எடுக்க வேண்டும். மனிதரை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுகளை 2012இன் ஜார்தே சட்டம் மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ஒப்புதல் முறையை வகுத்தது. 2017இல் வந்த ஆணையொன்று, உடல்நலம் பற்றிய சமூக அறிவியல் ஆய்வுகளை அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. ஆகவே இத்துறையில் ஒழுங்கு என்பது பெருமளவுக்குப் பல்கலைக்கழக அறக்குழுக்களையும் தனிநபர் தரவு விதிகளையும் பயிலரங்குகளையுமே நம்பியிருக்கிறது. பயிலரங்கு எதைச் சொல்லாமல் விடுகிறதோ, அது களத்திலும் விடுபட்டே போகும்.

நேர்காணலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நித்திரையின்மை பற்றிய ஒரு கேள்வியை ஆய்வாளர் பிரெஞ்சில் நான்கு வரியில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அது ஒரே வரியாகிறது: “இரவில நித்திரை வருதோ?” எதிரே இருப்பவர் ஐந்து நிமிடம் பேசுகிறார். ஊரில் விட்டுவந்த தாய், வதிவிட அட்டை புதுப்பிப்பு, உணவகத்தில் இரவு வேலை, நெஞ்சில் ஏறும் பாரம் எல்லாம் அந்தப் பேச்சில் வந்துபோகின்றன. மொழிபெயர்ப்பாளர் திரும்பி, “நித்திரை இல்லையாம்” என்று பிரெஞ்சில் முடித்துவிடுகிறார். ஒலிப்பதிவில் தமிழ் இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஏறுவது பிரெஞ்சு வாக்கியம்தான், குறியிடப்படுவதும் அதுவே, கட்டுரையில் மேற்கோளாவதும் அதுவே. எது தரவு, எது சுருக்கம் என்ற முடிவை எந்தப் பயிற்சியும் பெறாத ஒருவர் நொடியில் எடுத்துவிட்டார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. சுருக்காதே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆய்வின் கேள்வி என்ன என்பதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒப்புதல் படிவத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. பயிலரங்குகளில் படிவம் பங்கேற்பவரைக் காக்கும் கவசமாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் இலங்கையில் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்து வந்தவருக்கு, விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிடுவது வேறோர் அனுபவம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்றது. தமிழ்க் கைதி சிங்கராசாவின் வழக்கு இதற்குப் பதிவான சான்று: அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது, அங்கே மொழிபெயர்த்தவரும் பொலிஸ்காரரே. அது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவுசெய்தது. இந்த வரலாற்றின் நிழலில் வந்தவர்கள் பிரான்சில் ‘ஒப்ரா’ எனும் அகதிகள் அலுவலகத்திலும், மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளர் வழியே மறுபடி கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாள், ஒரு கேள்வியாளர், நடுவில் ஒரு தமிழர் என்ற அதே அமைப்பை ஆய்வாளரும் கொண்டுவந்து வைத்தால், அவர் பெறும் கையொப்பம் சம்மதமா பணிவா என்று எந்த அறக்குழுவாலும் கண்டறிய முடியாது.

மாற்று வழி கற்பனையில் மட்டும் இருப்பதல்ல. போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்கள், கிராம மட்டத்துத் தொண்டர்கள் ஆகியோரையே பயிற்சியின் மையத்தில் வைத்தார்கள். தமிழில் வந்த ‘மனவடு’ கைநூல் அந்தத் தேவையில் பிறந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்து தமிழகக் கிராமங்களில் 2010, 2016–17, 2020–21 ஆண்டுகளில் நடந்த குடும்பக் கணக்கெடுப்புகள் இன்னொரு சான்று. கடன், உழைப்பு பற்றிப் பிரெஞ்சுப் பொருளியலாளர் இசபெல் கெரேன் எழுதிய கட்டுரைகள் பலவற்றில் அந்நிறுவன ஆய்வாளர் ஜி. வெங்கடசுப்ரமணியன் இணை ஆசிரியர். மொழி தெரிந்தவர் அங்கே கூலிக்கு வந்த வாயாக நிற்கவில்லை. கடல் தாண்டி இதைச் செய்யத் தெரிந்த பிரெஞ்சு ஆய்வுலகம் தன் தலைநகரின் வடக்கு வாசலில் செய்யத் தயங்குவது வியப்புத்தான்.

தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே என்பது முதல் மறுப்பு. உண்மைதான்: 2012இல் மருத்துவ, சமூக மொழிபெயர்ப்புக்கான சாசனம் வந்தது, 2016 சுகாதாரச் சட்டம் அத்தொழிலை அங்கீகரித்தது, 2017இல் உயர் சுகாதார ஆணையம் வழிகாட்டி வெளியிட்டது. ஆனால் அவற்றின் இலக்கு சிகிச்சையும் சேவையும். மருத்துவருக்கு நோய் தெரிந்தால் போதும். ஆய்வாளருக்குச் சொன்ன விதமும் வேண்டும், தயங்கிய இடமும் வேண்டும். இரண்டாவது மறுப்பு, தமிழருக்கெனத் தனி ஏற்பாடு செய்வது இனவாரியாகப் பிரிப்பதாகும், குடியரசுக் கொள்கைக்கு ஒவ்வாது என்பது. 2007இல் அரசியலமைப்பு மன்றம் தடுத்தது இனத் தோற்றத்தை அடிப்படையாகக் கொண்ட தரவுகளை. ஒருவர் என்ன மொழி பேசுகிறார் என்பது வேறு. அரசு நிறுவனங்களே நடத்திய ‘பயணப் பாதைகளும் பூர்வீகங்களும்’ கணக்கெடுப்பு அதைக் கேட்டிருக்கிறது. உளவியலாளர் தோபி நத்தானின் இன மனநல மருத்துவத்தை மானிடவியலாளர் திதியே ஃபசேன் விமர்சித்தபோது எழுப்பிய எச்சரிக்கை இதைவிடக் கனமானது: மனிதரைப் பண்பாட்டுக்குள் அடைத்துவிடக் கூடாது. அதை முழுதாக ஏற்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ‘தமிழ்ப் பண்பாட்டின்’ பிரதிநிதியாகப் பயிலரங்குக்கு வர வேண்டியதில்லை. ஆய்வு முறையின் பங்காளியாக வந்தால் போதும். எஞ்சுவது, எனக்கு மிகக் கடினமாகப் படும் மறுப்பு: லா சப்பலில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும், அரசியல் பிளவுகளும் உண்டு, உள்ளூர்த் தமிழரை நடுவில் வைத்தால் இரகசியம் நிற்குமா? எப்போதும் நிற்கும் என்று உறுதி கூற முடியாது. வேறு நகரத்தவரைத் தொலைபேசி வழியே அமர்த்தும் தெரிவைப் பங்கேற்பவரிடமே விடலாம். ஆனால் இந்த ஆபத்து இன்றைய முறையிலும் இருக்கிறது. பயிற்சியும் ஒப்பந்தமும் இல்லாததால் கூடுதலாகவே இருக்கிறது.

செலவு பெரிதல்ல. பயிலரங்கில் மொழிபெயர்ப்பாளருக்கும் ஊதியத்துடன் ஓர் இடம், மாதிரி நேர்காணலை ஒன்றாகக் கேட்டுத் திருத்தும் ஓர் அமர்வு, தமிழ்ப் பேச்சைத் தமிழிலேயே எழுத்தாக்க ஒரு நிதி வரி. இதைப் பல்கலைக்கழகங்கள் தாமாகச் செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பங்கேற்பாளரைத் தேடித்தரச் சொல்லி ஆய்வாளர்கள் முதலில் அணுகுவது தமிழ்ச் சங்கங்களையும் ஆலயங்களையும் கடைக்காரர்களையும்தான். சம்மதம் சொல்லுமுன் அவர்கள் மூன்று கேள்வி கேட்கட்டும்: மொழிபெயர்ப்பவர் யார், அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார், தமிழ் ஒலிப்பதிவு எங்கே இருக்கும்?